உப்புக் காற்றுக்கு ஈடுகொடுக்கும் சில்லு

டிஸ்க் பிரேக் சைக்கிளுக்குப் புதுச் சில்லு வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ரிம்மைப் பற்றித்தான். எந்தக் கம்பெனி, இரட்டைச் சுவரா, எவ்வளவு உயரம், கறுப்பு நல்லதா. நான் திருப்பிக் கேட்பது கம்பியைப் பற்றி. எதனால் செய்த கம்பி, எத்தனை கம்பி, கட்டியவர் யார், நாளைக்கு ஒன்று அறுந்தால் அதே நீளத்தில் இன்னொன்று இந்த ஊரில் கிடைக்குமா? அதற்கடுத்து, சில்லின் நடுவில் அச்சைச் சுற்றி உருளும் ஹப். ரிம்மின் முறை கடைசியில்தான் வரும். டிஸ்க் பிரேக் வந்தபிறகு பிரேக் பிடித்து ரிம் தேய்வது நின்றுவிட்டது. சில்லு பழுதாகும் இடம் மாறிவிட்டது. கடைக்குப் போகும் எங்கள் கண் மட்டும் இன்னும் மாறவில்லை.

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் திருகோணமலை வீதிகளுக்குச் சைக்கிள் திரும்பி வந்தது. சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கிற ஊர் இது. இங்கேயும் பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் நின்றோம். மூலையில் கிடந்த பழைய லுமாலா சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தவர்கள் ஒரு பக்கம், கிடைத்த விலைக்குப் புதிதாக வாங்கியவர்கள் இன்னொரு பக்கம். புதிதாக வாங்கப்பட்டவற்றில் நான் கண்டவை பெரும்பாலும் தடித்த டயரும் டிஸ்க் பிரேக்கும் போட்ட ‘மவுண்டன்’ வகை. தட்டுப்பாடு முடிந்ததும் பலர் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் திரும்பவில்லை. என்னைப் போலத் தொடர்ந்து ஓடுகிறவர்களின் சில்லுகள் இப்போது ஒவ்வொன்றாகக் கை விடுகின்றன. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் ஓட்டம் சாம்பல்தீவுப் பக்கத்திலிருந்து உட்துறைமுக வீதி வரை, வேலை நாளில் போக வர. அலஸ்தோட்டம், உப்புவெளி தாண்டி வடகரை வீதிக்குள் இறங்கும்வரை கடல் எங்கேயும் தூரமில்லை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடற்கரையில் உடையும் அலையின் தூவானம் காற்றோடு வந்து வீதியோரத்து மரத்தில், கம்பி வேலியில், கைபிடியில் எல்லாம் படியும். நாக்கை உதட்டில் வைத்தால் உப்புக் கரிக்கும். அதே உப்பு ஹப்புக்குள்ளும், கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிளுக்குள்ளும் போகிறது. கண்டியில் ஓடும் சைக்கிளுக்கு எழுதப்பட்ட அறிவுரையை அப்படியே இங்கே எடுத்துவர முடியாததற்கு இதுதான் காரணம். பாரமும் பள்ளமும் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊரில் அவற்றோடு உப்பும் சேர்ந்து வேலை செய்கிறது.

திருகோணமலை தட்டையான ஊர்தானே, உவர்மலை ஏற்றத்தையும் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியையும் விட்டால் மேடு எங்கே, இதற்கு டிஸ்க் பிரேக் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை பெய்யும் மழையில் ஓடிப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். நிற்பதற்குள் சந்தி கடந்துவிடும். அலுமினிய ரிம் நனைந்தாலும் ஓரளவு பிடிக்கும். ஆனால் மழைத் தண்ணீரோடு வரும் மணல் கட்டையில் ஒட்டிக்கொண்டு ரிம்மின் சுவரை அராவிவிடும். சில மாரிக்குப் பிறகு அந்தச் சுவர் மெலிந்து, காற்று நிரப்பும்போது வெடித்துப் பிளக்கிற நிலைக்கு வரும். டிஸ்க்கில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. பிரட்றிக் கோட்டைப் பக்கத்து மான்கள் எந்த நேரத்தில் வீதிக்குக் குறுக்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரவில் நடு வீதியில் படுத்திருக்கும் மாடுகளும் அப்படித்தான். மழையிலும் வெயிலிலும் ஒரே மாதிரிப் பிடிக்கும் பிரேக் எனக்குத் தேவை. ஆகவே டிஸ்க் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கேற்ற சில்லும் வேண்டும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

டிஸ்க் பிரேக் சில்லை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய பிரேக் ரிம்மைப் பிடிக்கிறது. ரிம்மும் டயரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கம்பிகளுக்கு அதில் பெரிய வேலை இல்லை. டிஸ்க் பிரேக் பிடிப்பது நடு ஹப்பில் பூட்டிய தட்டை. 160 மில்லிமீற்றர் விட்டமுள்ள தட்டில் பேட், அதாவது டிஸ்க்கின் பிரேக் கட்டை, பிடிக்கும் இடம் நடுவிலிருந்து சுமார் 7 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கிறது. டயர் நிலத்தைத் தொடும் இடமோ நடுவிலிருந்து சுமார் 35 சென்ரிமீற்றர். ஆகவே வீதியில் கிடைக்கும் தடுப்பு விசையைவிட நான்கு மடங்குக்கு மேலான விசை தட்டில் விழுகிறது. அந்த முறுக்கு முழுவதையும் ஹப்பிலிருந்து ரிம்முக்குக் கொண்டுபோவது கம்பிகள்தான். ஒவ்வொரு முறை பிரேக் அழுத்தும்போதும் பாதிக் கம்பிகள் கூடுதலாக இழுபடுகின்றன, மற்றப் பாதி தளர்கின்றன. கம்பிகளை ஒன்றுக்கு மேல் ஒன்று குறுக்காகப் பின்னிக் கட்டுவது இதற்காகவே. நடுவிலிருந்து நேராகக் கதிர் போல ஓடும் கம்பிகள் இந்த முறுக்கைத் தாங்க மாட்டா. டிஸ்க் சில்லில், அதுவும் முன் சில்லில், அப்படிக் கட்டியிருப்பதைக் கண்டால் கையில் எடுக்காமலே வைத்துவிடுங்கள். ஒரு கம்பி மற்ற மூன்றைக் கடந்து போகும் மூன்று குறுக்குப் பின்னல் போதும், அதுதான் வழக்கம்.

டிஸ்க் சில்லுக்கு இன்னொரு குணம் இருக்கிறது. என் அனுபவத்தில் அதிகம் பேரின் சில்லைக் கெடுத்தது இந்தக் குணம்தான். பழைய சைக்கிளில் ஒரு கம்பி தளர்ந்தால் ரிம் கோணி, பிரேக் கட்டையில் உரசும். சத்தம் வரும், மிதிக்கப் பாரமாக இருக்கும், அன்றைக்கே கடைக்குப் போய்ப் பக்கிள், அதாவது கோணல், எடுப்போம். டிஸ்க் சைக்கிளில் ரிம் எவ்வளவு கோணினாலும் எதிலும் உரசாது. தட்டு ஹப்போடு நேராகச் சுற்றிக்கொண்டே இருக்கும், பிரேக்கும் நன்றாகவே பிடிக்கும். ஓடுகிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. தளர்ந்த கம்பி தளர்ந்தபடியே கிடக்க, பக்கத்துக் கம்பிகள் அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கி, ஒருநாள் ஹப்புக்குப் பக்கத்துக் கம்பி வளைவில் அறும். ஆகவே டிஸ்க் சில்லை நாமாகத் தேடிப் பார்க்க வேண்டும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் பேனையைப் பிடித்தால் கோணல் தெரிந்துவிடும்.

இப்போது கம்பிக்கு வருகிறேன்.

மலிவான சில்லுகளில் வருவது நாகம் பூசிய இரும்புக் கம்பி. புதிதில் மங்கலான சாம்பல் வெள்ளை. நாகப் பூச்சு தன்னைக் கரைத்துக்கொண்டு உள்ளிருக்கும் இரும்பைக் காப்பாற்றும், ஆனால் பூச்சு இருக்கும்வரைதான். உப்புக் காற்றில் அது விரைவாகக் கரைகிறது. முதலில் வெள்ளைத் தூள், பிறகு செம்புள்ளி, பிறகு நிப்பிளும் கம்பியும் ஒன்றாக இறுகிப்போகும். அதற்குப் பிறகு பக்கிள் எடுக்க முயன்றால் நிப்பிள் சுற்றாது, கம்பிதான் முறுகும். எங்கள் ஊருக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி ஆடம்பரமில்லை, அடிப்படைத் தேவை. சுமார் 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கலந்த உருக்கு அது. அதிலும் காலப்போக்கில் தேநீர்க் கறை போல ஒரு பழுப்பு நிறம் படியலாம். துணியால் துடைத்தால் போய்விடும், பலத்தைத் தொடாது.

கடையில் சிலர் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லை என்கிறார்கள். தட்டு முட்டுச் சாமானுக்கு அது ஓரளவு சரிவரும். சைக்கிள் கம்பிக்குச் சரிவராது. சூடாக்காமல் இழுத்து இழுத்து மெல்லியதாக்கும்போது நல்ல ஸ்டெயின்லெஸ்ஸும் கொஞ்சம் காந்தத்தில் ஒட்டும் தன்மையைப் பெற்றுவிடுகிறது. ஆகவே மெதுவாக ஒட்டினால் பயப்பட வேண்டாம். டக்கென்று பிடித்து இழுத்தால் சந்தேகப்படுங்கள். கம்பியின் தலையில் கம்பெனியின் எழுத்துப் பொறித்திருக்கிறதா என்று பார்ப்பது இதைவிட நல்ல சோதனை. சபிம், டிடி போன்ற பெல்ஜிய, சுவிஸ் கம்பிகளின் தலையில் குறி இருக்கும்.

தடிப்பைப் பற்றி ஒரு பிழையான நம்பிக்கை உண்டு. தடித்த கம்பிதான் பலம் என்று நினைக்கிறோம். 14 கேஜ், அதாவது 2 மில்லிமீற்றர் கம்பி சாதாரண வேலைக்கு முற்றிலும் போதும். இரண்டு முனையும் 2 மில்லிமீற்றராகவும் நடுவில் 1.8 மில்லிமீற்றராகவும் மெலிந்த கம்பி இன்னும் நீண்டகாலம் உழைக்கும். மெலிந்த நடுப்பகுதி கொஞ்சம் நீண்டு கொடுக்கிறது. அதனால் பள்ளத்தில் விழும் அடி, கம்பி வழக்கமாக அறும் இடமான ஹப்புக்குப் பக்கத்து வளைவில் மொத்தமாகப் போய்ச் சேராமல் பரவிவிடுகிறது. விலை கூட. காசு இருந்தால் பின் சில்லுக்காவது போடலாம் என்பது என் எண்ணம்.

நிப்பிள் பித்தளையாகவே இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நிறம் நிறமாக வரும் அலுமினிய நிப்பிள் பாரம் குறைவு, பார்க்க அழகு. ஆனால் ஸ்டெயின்லெஸ் கம்பியும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். பூட்டிய இடத்தில் வெள்ளை மாவு போலப் பூத்து, பிறகு தலை உடைந்து ரிம்முக்குள் கிடந்து கலகலக்கும். கடலிலிருந்து தூரத்து ஊர்களில் அது பல வருடம் உழைக்கலாம். இங்கே வேண்டாம்.

எத்தனை கம்பி என்ற கேள்விக்கு எங்கள் அப்பாமார் ஓடிய சைக்கிள்களிலேயே பதில் இருந்தது. பழைய இங்கிலாந்து றலி, ஹம்பர் சைக்கிள்களின் முன் சில்லில் 32 கம்பி, பின் சில்லில் 40. பாரம் பின்னால் விழுகிறது, கரியரில் ஆள் ஏறுகிறார், அரிசி மூட்டை ஏறுகிறது என்று தெரிந்து கட்டியவர்கள் அவர்கள். இன்று டிஸ்க் ஹப்பில் 40 துளையைத் தேடி அலைய வேண்டியதில்லை. பின்னால் 36 கிடைத்தால் கட்டாயம் எடுங்கள், கிடைக்காவிட்டால் 32. முன்னால் 32க்குக் குறையக்கூடாது, ஏனென்றால் பிரேக்கின் பெரும்பங்கை இப்போது முன் சில்லின் கம்பிகளே சுமக்கின்றன. 24, 28 கம்பிச் சில்லுகள் பந்தயக்காரருக்கு. 12.5 கிலோ காஸ் சிலிண்டரைக் கரியரில் கட்டிக்கொண்டு வரும் எங்களுக்கில்லை. வெற்றுச் சிலிண்டரின் இரும்பும் கிட்டத்தட்ட அதே பாரம்.

நல்ல கம்பி வாங்கினாலும் கட்டுகிற கை சரியில்லாவிட்டால் எல்லாம் வீண். நான் சில்லுக் கட்டக் கொடுக்கும் ஐயாவுக்கு எழுபது வயதுக்கு மேல். கம்பி இறுக்கத்தை அளக்கும் கருவி அவரிடம் இல்லை, காதுதான். ஒருமுறை வேலை முடிந்து வரும்போது, கம்பி அறுந்த சில்லோடு ஒருவர் வந்துவிட்டுப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு ஐயா சொன்னார்:

“பிள்ளை, கம்பி அறுந்தா எல்லாரும் பாரம் ஏத்தினதாலதான் எண்டு நினைக்கினம். லூசாக் கிடந்ததாலதான் அறுந்தது.”

“லூசாக் கிடந்தா எப்பிடி ஐயா அறும்? இறுக்கினாத்தானே அறும்?”

“இழுத்து அறுறேல்ல. ஆடி ஆடித்தான் அறுறது.”

முழு விளக்கமும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. சில்லு சுற்றும்போது கீழே வரும் கம்பிகள் பாரத்தால் தளர்கின்றன, மேலே போனதும் பழைய இறுக்கத்துக்கு வருகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் இது நடக்கிறது. போதிய இறுக்கம் இருந்தால் தளர்ந்தபோதும் கொஞ்சம் இழுவிசை மிஞ்சும், கம்பி தன் இருக்கையில் அசையாது. இறுக்கம் போதாவிட்டால் கீழே வரும் ஒவ்வொரு முறையும் முழுதாக விடுபட்டு, வளைவில் முன்னும் பின்னும் ஆடும். ஒரு கிலோமீற்றருக்குள் சில்லு 450 தடவைக்கு மேல் சுற்றுகிறது. இப்படியே மாதக் கணக்கில் ஆடினால் எந்த உருக்கும் களைத்து முறியும்.

ஐயா கட்டி முடித்த சில்லை உடனே கையில் தரமாட்டார். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பலமாக நெரிப்பார். கிளிக் கிளிக் என்று சத்தம் வரும். முறுகிக் கிடந்த கம்பிகள் நேராகின்றன, தலைகள் துளையில் போய்ப் படிகின்றன. பிறகு மறுபடி சுற்றிப் பார்த்து, மறுபடி இறுக்கி, மறுபடி நெரிப்பார். கடைசியில் விரல் நகத்தால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டு வருவார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்து ஒலித்தால் அங்கே நிறுத்துவார். டிஸ்க் சில்லில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே சுருதி வராது, வரவும் கூடாது. முன் சில்லில் தட்டு இருக்கும் இடப்பக்கக் கம்பிகள் கூடுதல் இறுக்கம். பின் சில்லில் செயின் ஓடும் பல்லுப்பட்டை இருக்கும் வலப்பக்கம் கூடுதல். பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடாமல், ஒரு பக்கத்துக்குள்ளேயே ஒப்பிட வேண்டும். இயந்திரத்தில் கட்டிப் பெட்டியில் வரும் மலிவுச் சில்லிலும் இந்த வேலையைச் செய்விக்கலாம். புதுச் சில்லை வாங்கிய கையோடு ஒரு நல்ல சில்லுக் கட்டுகிறவரிடம் கொடுத்து இறுக்கம் பார்த்து நெரித்துத் தரச் சொல்லுங்கள். அதற்குக் கொடுக்கும் கூலியைப் போலப் பயன் தரும் செலவு சைக்கிளில் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. சில வாரம் ஓடியபின் இன்னொரு முறை காட்ட வேண்டும்.

ஹப்பில் முதலில் பார்க்க வேண்டியது பின் அச்சு. மலிவான டிஸ்க் சைக்கிள்களில் பல்லுப்பட்டை முழுவதும் ஹப்பில் திருகிப் பூட்டும் பழைய ஃபிரீவீல் வகையாகவே வருகிறது. அதில் வலப்பக்கப் பெயரிங் ஹப்பின் உள்ளே தள்ளி இருக்கும்; அங்கிருந்து ஃபிரேம் வரை அச்சுக்கு ஒரு தாங்கலும் இல்லை. ஏழு பல்லுச் சக்கரம் பூட்டி, கரியரிலும் பாரம் ஏற்றினால் அச்சு வளைகிறது, சிலவேளை முறிகிறது. பல்லுச் சக்கரங்களை ஹப்பின் மேல் செருகிப் பூட்டும் கசெட் வகை ஹப்பில் பெயரிங் ஓரத்துக்கு வந்துவிடுகிறது. பின் சில்லை மாற்றும்போது கசெட் ஹப்புக்கு மாறுவது நல்ல முதலீடு. பல்லுப்பட்டையும் சேர்த்து வாங்க வேண்டிவரும், தயங்க வேண்டாம்.

பெயரிங் இரண்டு வகை. கூம்பு வடிவக் கோனும் உருண்டைக் குண்டும் போட்டது ஒன்று. ரப்பர் மூடியோடு முழுதாக வரும் காட்றிட்ஜ் வகை மற்றது. ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் சாதாரண ஹப்புகள் முதல் வகை: பின்னால் பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டு ஒன்பது, முன்னால் பக்கத்துக்குச் சிறிய குண்டு பத்து. நான் இதையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். இந்த ஊரில் எந்தச் சைக்கிள் கடையிலும் இதைத் திறக்கத் தெரியும், குண்டும் கிரீஸும் எங்கும் கிடைக்கும். மாரி முடிந்து தைப்பொங்கல் கழிந்ததும் ஒருமுறை திறந்து, பழுப்பாகிப் போன கிரீஸைத் துடைத்து, குண்டுகளைப் புதிதாகப் போட்டு மூடினால் அடுத்த மாரிக்குத் தயார். ஆனால் திறக்காமலே விட்டால் தண்ணீர் புகுந்து, குண்டு உருளும், ஹப்போடு சேர்ந்த கிண்ணம் புள்ளி விழுந்துவிடும். கோனை மாற்றலாம், கிண்ணத்தை மாற்ற முடியாது. ஹப் முழுவதும் போனதுதான். வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் பொறுமை உங்களுக்கு இல்லையென்றால் காட்றிட்ஜ் வகையை எடுங்கள். அதன் பெயரிங்குகளில் பல மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும் அளவுகள்தான். பழையதைத் தட்டி எடுத்துப் புதியதை இறக்க வேண்டியதுதான்.

தட்டைப் பூட்டும் முறையிலும் இரண்டு உண்டு: ஆறு திருகாணி வகை, ஒரே வளையத்தில் பூட்டும் சென்டர்லொக் வகை. ஆறு திருகாணி வகையே எங்களுக்கு வசதி. தட்டு எளிதாகக் கிடைக்கும், ஒரு சிறு நட்சத்திரச் சாவி போதும். மாரிக்கு முன் ஆறையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவுக் குழப்பத்தில் காசை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘26’ என்று கேட்டால் கடைக்காரர் எந்த 26ஐத் தருவார்? பழைய லேடீஸ் சைக்கிளின் 26 வேறு, மவுண்டன் சைக்கிளின் 26 வேறு. முதலாவதில் டயர் உட்காரும் விட்டம் 590 மில்லிமீற்றர், இரண்டாவதில் 559. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. பழைய 28 அங்குலச் சில்லு 635. இன்றைய 700சி, 29 இரண்டும் 622. டயரின் பக்கத்தில் சிறிதாக அச்சிட்டிருக்கும் மூன்று இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். அதோடு முன் சில்லைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் உள்ளகலத்தையும் பின் ஃபிரேமின் உள்ளகலத்தையும் அளக்க வேண்டும். சாதாரண டிஸ்க் சைக்கிளில் முன்னால் 100 மில்லிமீற்றர், பின்னால் 135. தடித்த அச்சு உருவிப் போடும் புதிய வகையில் பின்னால் 142 அல்லது 148 இருக்கும்.

நெம்புகோலை மடித்துச் சில்லைப் பூட்டும் குவிக் ரிலீஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. முன் டிஸ்க் பிரேக் ஃபோர்க்கின் பின்புறம் இருப்பதால், பலமாகப் பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் விசை சில்லைக் கீழ்நோக்கி, ஃபோர்க்கின் வாய்க்கு வெளியே தள்ளப் பார்க்கிறது. பழைய பிரேக்கில் இப்படி இல்லை. எனவே நெம்புகோலை அரைகுறையாக மடித்துவிட்டு ஓடக்கூடாது. உள்ளங்கையில் அதன் தடம் பதியும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். நெம்புகோலைத் தட்டு இல்லாத வலப்பக்கத்தில் வையுங்கள். 2015இல் அமெரிக்கச் சைக்கிள் நிறுவனமான ட்ரெக் இலட்சக்கணக்கான சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது இதனோடு தொடர்புள்ள குறைக்காகத்தான்: நெம்புகோல் அளவுக்கு மீறித் திறந்து டிஸ்க் தட்டுக்குள் மாட்டக்கூடியதாக இருந்தது.

ரிம்மைப் பற்றி அதிகம் இல்லை. இரட்டைச் சுவர் அலுமினியம், உள்ளகலம் 19 முதல் 25 மில்லிமீற்றர், அவ்வளவுதான். பழைய பிரேக்குக்குச் செய்த ரிம்மையும் டிஸ்க் ஹப்போடு கட்டலாம், மறுவளமாகச் செய்யக்கூடாது. ரிம்மைக் காப்பது அகன்ற டயர். 40 மில்லிமீற்றருக்குக் குறையாத டயரில் காற்றைச் சரியாக வைத்திருந்தால், பள்ளத்தில் ரிம் நெளிவது அபூர்வம்.

பெண்களுக்கு இன்னொன்று. சுரிதார் ஷாலோ சேலைத் தலைப்போ சில்லுக்குள் போகாமல் பின் சில்லுக்குப் பூட்டும் வலையும் தகடும் டிஸ்க் சைக்கிளில் இடப்பக்கம் நேராக உட்காராது, தட்டைப் பிடிக்கும் பிரேக் கலிப்பர் இடிக்கும். கரியரின் காலுக்கும் இதே தொல்லை. கலிப்பர் ஃபிரேமின் மூலைக்குள்ளே இருக்கும் சைக்கிள் என்றால் பிரச்சினை குறைவு. வெளியே தள்ளி நின்றால், கால் விலகி வளைந்த டிஸ்க் கரியர் என்று கேட்டு வாங்க வேண்டும். என் சைக்கிளுக்கு வலையை ஐயா வெட்டி, கலிப்பரைச் சுற்றிக் கம்பியால் கட்டித் தந்தார்.

கழுவுவதில் ஒரு விடயம். மோட்டார் சைக்கிள் சேர்விஸ் நிலையத்தில் வேகத் தண்ணீரால் ஹப்பை அடிக்க விடாதீர்கள். ரப்பர் மூடியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும். ஈரத் துணியால் கம்பியையும் நிப்பிளையும் துடைப்பதே போதும், அதுவும் நல்ல தண்ணீரால். கரையோரக் கிணறுகள் சிலவற்றின் நீரே உவர்ப்பாக இருக்கும். தட்டில் எண்ணெய் படவே கூடாது. செயினுக்கு எண்ணெய் விடும்போது தட்டைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் புதிது போடுவதுதான் வழி. தட்டு புதிதில் 1.8 மில்லிமீற்றர் தடிப்பு. 1.5க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும் என்று ஷிமானோ சொல்கிறது.

இரண்டு சில்லுக்கும் ஒன்றாகக் காசு இல்லாதவர்கள் பின் சில்லை முதலில் மாற்றலாம். 36 துளைக் கசெட் ஹப், ஸ்டெயின்லெஸ் கம்பி, பித்தளை நிப்பிள், நடுத்தர ரிம். முன் சில்லின் பழைய ஹப் நன்றாக இருந்தால் கம்பியை மட்டும் மாற்றிக் கட்டலாம். எதை வாங்கினாலும் அதே நாளில் ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு கம்பி கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க் சில்லில் முன்னுக்கும் பின்னுக்கும் இடத்துக்கும் வலத்துக்கும் நீளம் வேறுபடும். இங்குள்ள கடைகளில் எப்போதும் இருப்பவை பழைய 28க்கும் 26க்கும் உரிய நீளங்கள்தான். என்னுடையவற்றை நான்கு கட்டாகப் பிரித்து, எந்தப் பக்கம் என்று கடதாசியில் எழுதி ஒட்டி, சீற் குழாய்க்குள் போட்டு வைத்திருக்கிறேன்.